ஆளில்லாத ஊருக்கு எந்த வயதில் போவது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் வாசகர் பக்கத்தில் ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். மேல்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம், மின்தூக்கி வாசலில் காத்திருப்பு, காலை நேர எம்ஆர்டி ரயில் நெரிசல் எல்லாம் அவருக்கு அலுத்துவிட்டதாம். வீட்டை விற்றுவிட்டு, கண்ணுக்கெட்டிய தூரம் ஆளே இல்லாத ஓரிடத்தில், முடிந்தால் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், மீதிக் காலத்தைக் கழிக்கப் போவதாக எழுதியிருந்தார்.

அதைப் படித்துவிட்டு என் கணவர், "சரியாகத்தானே சொல்கிறார்" என்றார். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால்தான் படித்தார். அந்த இடது கண்ணின் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 63 வயது. சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறேன். தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 2002 முதல் 2010 வரை நாங்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில், கிம்பர்லி வட்டாரத்தில் உள்ள குனுனரா என்ற சிற்றூரில் இருந்தோம். எனக்கு அங்குள்ள மருத்துவமனையில் வேலை. கணவர் பண்ணைகளின் நீர்ப்பாசனப் பம்புகளையும் டிராக்டர்களையும் பழுது பார்ப்பவர். மகள் அப்போது ஐந்து வயதுக் குழந்தை. பிறகு சிங்கப்பூருக்குத் திரும்பினோம். வளர்ந்ததும் மகள் ஆசிரியையாகி அதே ஊருக்கே போய்விட்டாள். அவளைச் சாக்காக வைத்துக்கொண்டு 2022 ஏப்ரலில் நாங்களும் போனோம், இந்த முறை ஓய்வுக் காலத்தைக் கழிக்க. ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆக, அன்பர் போக நினைக்கும் இடத்துக்கு நான் இரண்டு முறை குடிபோனவள். 40 வயதில் ஒரு முறை, 60 வயதில் ஒரு முறை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கிம்பர்லி வட்டாரத்தின் பரப்பு 4,20,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்கு. அவ்வளவு இடத்திலும் சுமார் 40,000 பேர்தான் இருக்கிறார்கள். நம் ஈசூனில் சில தெருக்களைச் சேர்த்தால் அந்தக் கணக்கு வந்துவிடும். குனுனராவில் ஏறத்தாழ 5,000 பேர். ஊருக்குத் தெற்கே ஓர்ட் ஆற்றை மறித்துக் கட்டிய ஆர்கைல் ஏரி இருக்கிறது. அது நிரம்பி நிற்கும்போது சிங்கப்பூர்த் தீவையே உள்ளே வைத்தாலும் சுற்றிலும் தண்ணீர் மிஞ்சும். பெர்த் நகரம் சாலை வழியாக 3,000 கிலோமீட்டருக்கு அப்பால். டார்வின் 800 கிலோமீட்டர் சொச்சம். அங்கே அதைப் "பக்கத்து ஊர்" என்பார்கள். முதலில் கேட்டபோது கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். ஆறு மாதத்தில் நானும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டேன்.

"ஆளில்லாத இடம்" என்ற சொல்லில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்த மண் மிரிவூங் என்னும் பூர்வகுடி மக்களுடையது. ஏரிக்கு அடியில் மூழ்கிக் கிடப்பதும் அவர்களுடைய நிலம்தான். என்னோடு மருத்துவமனையில் வேலை பார்த்த மிரிவூங் பெண்மணியிடம் நான் ஒருநாள், "எவ்வளவு தூரம் போனாலும் யாருமே இல்லையே" என்று வியந்து சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று சொல்" என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை நான் எடுத்ததில்லை.

இனி இன்பத்தைச் சொல்ல வேண்டும். அது பொய்யல்ல.

மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம். கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஏழு மணிக்கு விடிகிறதே, குனுனராவில் டிசம்பரில் ஐந்துக்கெல்லாம் வெயில் சன்னலைத் தட்டும்; மாலை ஆறு வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். கையில் கட்டிய கடிகாரம் அதே எண்ணைக் காட்டும், வானம் வேறு நேரத்தைச் சொல்லும். அந்த விடிகாலையில் வாசற்படியில் காப்பியோடு உட்கார்ந்தால், எதிரே போவாப் மரம் ஒன்று, வயிறு பெருத்த சாமியாரைப் போல நிற்கும். எங்கள் மருத்துவமனையில் இருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர், "இது எங்கள் மன்னார்ப் பெருக்க மரத்தின் தங்கை" என்பார். உண்மையிலேயே இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தால் வானம் தலைக்கு மேலே இருப்பதாகத் தெரியாது. நாம் அதற்குள் இருப்பதாகத் தெரியும். அவர்கள் தென்சிலுவை என்பதை நம்மவர் திரிசங்கு என்பார்கள் என்று என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். செம்பவாங்கில் வளர்ந்த நான் திரிசங்குவை முதன்முதலில் அடையாளம் கண்டது 40 வயதில். மகள் அன்று என் மடியில் படுத்து அண்ணாந்து பார்த்தபடியே தூங்கிப்போனாள்.

ஆனால் அமைதி என்று அன்பர் எழுதியிருக்கிறாரே, அதைத் திருத்த வேண்டும். மாலையானால் கொரெல்லா என்னும் வெள்ளைக் கிளிகள் நூற்றுக்கணக்கில் வந்து மரத்தில் அடையும். அந்தக் கூச்சலுக்கு மேல்வீட்டு நாற்காலி தாலாட்டு. மழைக்காலத்தில் தவளைகள். குளியலறைக் கழிவறைக்குள்ளும் பச்சைத் தவளை உட்கார்ந்திருக்கும். அதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

அங்கே சந்தனமும் வளர்க்கிறார்கள். நம்முடைய இந்தியச் சந்தனம்தான். ஓர்ட் ஆற்றுப் பாசனத்தில் வரிசை வரிசையாகத் தோட்டங்கள். சந்தனக் கன்றைத் தனியாக நட்டால் தேறாது. பக்கத்தில் துணை மரம் வைக்க வேண்டும். அதன் வேரைப் பற்றி உறிஞ்சித்தான் இது வளரும். என் கணவர் அந்தத் தோட்டங்களில் பம்பு பார்க்கப் போய்விட்டு வந்து முதன்முதலாக இதைச் சொன்னபோது நம்பவில்லை. இதை உவமையாக்கி ஒரு பத்தி எழுத எனக்கும் ஆசைதான். விட்டுவிடுகிறேன்.

உண்மையில் நான் சொல்ல வந்த முதல் செய்தி, அங்கே மனிதர்களிடமிருந்து தப்பிக்கவே முடியாது என்பது. ஈசூனில் எங்கள் தளத்தில் மூன்று வீடு தள்ளி இருக்கும் அம்மாளின் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கும் என் பெயர் தெரியாது. இருவரும் நிம்மதியாக இருக்கிறோம். குனுனராவில் எங்கள் வண்டி மருத்துவமனை வாசலில் வழக்கத்தைவிட அரை மணி நேரம் அதிகம் நின்றால் மறுநாள் அஞ்சலகத்தில் ஒருவர் காரணம் கேட்பார். கூட்டத்துக்குள்தான் ஒளிந்துகொள்ள முடியும், அன்பரே. வெட்டவெளியில் எங்கே ஒளிவது?

நாங்கள் போன ஆண்டில் தமிழ் பேசும் வீடுகள் எங்களோடு சேர்த்து மூன்று. ஒன்று நான் சொன்ன யாழ்ப்பாணத்து டாக்டர் வீடு. இன்னொன்று தோட்ட வேலைக்கு வந்த கோயம்புத்தூர்க் குடும்பம். இங்கே இருந்திருந்தால் நாங்கள் மூவரும் சந்தித்திருக்கவே மாட்டோம், சந்தித்திருந்தாலும் ஒத்துப்போயிருக்காது. அங்கே எல்லாப் பொங்கலும் ஒன்றாகத்தான். தை மாதம் அங்கே மழைக்காலத்தின் உச்சம். கார் கொட்டகைக்குள் அடுப்பு மூட்டி, தகரக் கூரையில் மழை அறைய, பால் பொங்குவதை யாரும் கேட்க முடியாத சத்தத்தில் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியிருக்கிறோம்.

ஒருநாள் அந்தக் கோயம்புத்தூர் அம்மாள் என் மகளின் தமிழைக் கிண்டல் செய்தார். சிங்கப்பூர்த் தமிழாம், பாதி மலாயாம். எனக்கு வந்த கோபத்துக்கு இங்கே என்றால் அன்றோடு பேச்சை முறித்திருப்பேன். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அவருடைய மகனுக்குக் காய்ச்சல் கூடி வலிப்பு வந்தது. கதவைத் தட்டியது என் வீட்டில். தூக்கக் கலக்கத்தில் குழந்தையை வாங்கி ஒருக்களித்துப் படுக்க வைத்தபோது கோபம் எங்கே போனது என்று நினைவில்லை. அடுத்த வாரமே அவர் மறுபடியும் மகளின் தமிழைக் கிண்டல் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சண்டை போட்டுக்கொள்ள வசதியில்லாத ஊர் அது. ஆள் மிச்சமிருந்தால்தானே ஒருவரை ஒதுக்க முடியும்?

உதவி என்றால் எப்படி வரும் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். பறக்கும் மருத்துவர் சேவையைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜான் ஃபிளின் என்னும் பாதிரியார் முயற்சியில் 1928இல் குவீன்ஸ்லாந்தின் குளோன்கரி என்ற ஊரில் தொடங்கியது. தொலைதூரப் பண்ணைகளில் அவர்கள் கொடுத்த மருந்துப் பெட்டி ஒன்று இருக்கும். உள்ளே ஒவ்வொரு மருந்துக்கும் எண். தொலைபேசியில் டாக்டர் விசாரித்துவிட்டு, இந்த எண்ணுள்ள மருந்தில் இத்தனை கொடு என்பார். மருந்தின் பெயர் தெரியாதவரும் கொடுத்துவிடலாம். எவ்வளவு எளிமையான யோசனை! தாதித் தொழிலில் அத்தனை ஆண்டு இருந்த எனக்கு அதைப் பார்த்ததும் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒருமுறை மகளின் பள்ளித் தோழி வீட்டுக்கு, 180 கிலோமீட்டர் தள்ளியிருந்த கால்நடைப் பண்ணைக்கு, வார இறுதியில் போயிருந்தோம். சனிக்கிழமை மாலை மாடு ஓட்டும் இளைஞன் ஒருவன் குதிரையிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. டாக்டர் தொலைபேசியில் எண் சொல்ல, நான் பெட்டியிலிருந்து வலி மருந்தை எடுத்துப் போட்டேன். விமானம் வரும் என்றார்கள். எங்கே இறங்கும் என்று கேட்டேன். பண்ணைக்குப் பின்னால் ஒரு மண் ஓடுபாதை. விளக்கு? அந்த வீட்டு அம்மாள் அலமாரியைத் திறந்து கழிவறைத் தாள் சுருள்களை அள்ளி என் கையில் கொடுத்தார். பழைய பால்மாவு டின்களில் ஒவ்வொன்றாக வைத்து, டீசலை ஊற்றி ஊறவிட்டோம். ஓடுபாதையின் இரு புறமும் இடைவெளி விட்டு வைத்துக்கொண்டே போனோம். என் மகளும் அந்தச் சிறுமியும் ஆளுக்கொரு டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். விமானச் சத்தம் கேட்டதும் என் கணவர் வண்டியை எடுத்து, மாடும் கங்காருவும் பாதையில் நிற்காதபடி ஒலி எழுப்பிக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓட்டினார். பின்னாலேயே இரண்டு வரிசை நெருப்புக்கு நடுவில் விமானம் வந்து இறங்கியது. புழுதி அடங்கியபோது தாதி ஒருவர் இறங்கிவந்து, எந்த எண்ணில் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

இருபது ஆண்டு ஆகிவிட்டது. டீசல் வாடை எங்கே வந்தாலும் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வரும். என் வாழ்க்கையில் நான் பிறருக்கு அவ்வளவு தேவைப்பட்ட இரவு வேறில்லை. ஆனால் அன்று டின் வைத்தவர்களின் வயதைப் பாருங்கள். எனக்கு 44, கணவருக்கு 47, அந்த வீட்டு அம்மாள் 40க்குள். நாங்கள் ஓடினோம். எழுபது வயதில் யார் ஓடுவது? எழுபதில் நாம் அந்தப் படுக்கையில் கிடப்பவர் ஆகிவிடுகிறோம்.

சமையலறைத் துன்பங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பெர்த்திலிருந்து லாரி வந்தால் காய்கறி, வராவிட்டால் டப்பா. ஆண்டுக்கு இரண்டு முறை டார்வின் போய் அரிசி, பருப்பு, புளி வாங்கி வருவோம். திரும்பும்போது மாநில எல்லையில் சோதனைச் சாவடி. பயிர்நோய் வரக்கூடாதென்று பழம், காய், தேன் எதையும் உள்ளே விடமாட்டார்கள். முதல் முறை இஞ்சி, பச்சை மிளகாய், ஒரு கட்டுக் கறிவேப்பிலை எல்லாம் என் கண்ணெதிரே தொட்டிக்குள் போயின. அடுத்த முறை முதல், சாவடிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் வண்டியை ஓரங்கட்டி, மிச்சமிருந்த பழங்களை மூவரும் உட்கார்ந்து தின்று தீர்ப்போம். கறிவேப்பிலை கடைசியில் எங்கள் ஊரிலேயே ஒரு சிங்களத் தாதியின் தோட்டத்தில் கிடைத்தது. அவர் தந்த கன்று எங்கள் வாடகை வீட்டுக் கொல்லையில் ஆளுயரம் வளர்ந்தது.

இளமையில் போனால் எல்லாம் இன்பம்தான் என்று சொல்ல வந்துவிட்டேனோ? இல்லை. 2007 பிப்ரவரியில் என் அம்மா சிங்கப்பூரில் இறந்தார். செய்தி வந்தது வியாழக்கிழமை காலை. மழையில் டார்வின் சாலை வெள்ளத்தால் மூடிக் கிடந்தது. அன்றைய விமானத்தில் இடமில்லை. மறுநாள் பெர்த் போய், அங்கிருந்து இரவு விமானம் பிடித்து, சனிக்கிழமை சாங்கியில் இறங்கினேன். மண்டாய்த் தகனச்சாலையில் வெள்ளிக்கிழமையே எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவை எனக்காக வைத்திருக்கச் சொல்லி நானே கேட்கவில்லை. தாதியாக இருந்தவளுக்கு அது தெரியும், கேட்கக் கூடாது என்று. அக்கா இன்றும் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது கண்.

2022இல் நாங்கள் திரும்பிப் போனபோது ஏப்ரல். கோடையின் வெக்கை தணிந்து, காற்று உலர்ந்து, அந்த ஊரின் மிக அழகான மாதங்கள் தொடங்கும் நேரம். "இங்கேயே இருந்துவிடலாம்" என்று கணவர் வாரத்துக்கு இரண்டு முறை சொன்னார். கொல்லையில் ஒரு பட்டறை போட்டார். அக்கம்பக்கத்துப் பம்பெல்லாம் தேடி வந்தன. அக்டோபர் வந்தது. நாற்பது டிகிரி வெயில், மழை வருவதுபோல் வந்து ஏமாற்றும் மேகம். முன்பு எட்டு ஆண்டு அதில் வேலை பார்த்தவர்கள்தான் நாங்கள். இந்த முறை பகல் பதினொரு மணிக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை. வீட்டுக்குள் ஏர்கண்டிஷனரை ஓடவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, இருவரும் தொலைக்காட்சி பார்த்தோம். அதை ஈசூனிலேயே பார்த்திருக்கலாம்.

டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை மாலை. கணவர் இடது கண் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது என்றார். மழைக்காலம், வெளியே உண்மை மின்னலும் வெட்டிக்கொண்டிருந்ததால் நானும் முதலில் சிரித்தேன். இரவு கண்ணுக்குள் கொசுக்கூட்டம் பறப்பதாகச் சொன்னார். சனிக்கிழமை காலை ஒரு பக்கத்திலிருந்து கறுப்புத் திரை இறங்குகிறது என்றார். எனக்குக் கை சில்லிட்டது. விழித்திரை பிரிகிறது. திரை நடுப்பகுதிக்கு வருவதற்குள் அறுவை சிகிச்சை செய்தால் பார்வை பெரும்பாலும் தப்பும். வந்துவிட்டால் பழைய பார்வை திரும்புவது கடினம்.

யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். டாக்டர் உடனே பார்த்தார், பெர்த்தில் இருக்கும் கண் நிபுணரை விடுமுறை நாளிலும் தொலைபேசியில் பிடித்தார். ஆனால் அறுவை சிகிச்சை பெர்த்தில்தான். உயிருக்கு ஆபத்தில்லாத ஒன்றுக்குப் பறக்கும் மருத்துவர் விமானத்தைக் கேட்க எனக்கே மனம் வரவில்லை. அந்த இளைஞனைப் போல எவனாவது எங்காவது கிடப்பான். பயணிகள் விமானத்தில் இடம் கிடைத்தது திங்கட்கிழமை. மூன்று மணி நேரத்துக்கு மேல் பறந்து பெர்த் போய்ச் சேர்ந்தபோது திரை நடுவைத் தாண்டிவிட்டது. ஈசூனில் எங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு நடந்தே போகலாம்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. விழித்திரையை ஒட்டவைக்கக் கண்ணுக்குள் வாயுக் குமிழ் வைப்பார்கள். அது தானாகக் கரையும் வரை விமானத்தில் ஏறவே கூடாது. உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது குமிழ் விரிந்து கண்ணையே கெடுத்துவிடும். ஏழெட்டு வாரம் ஆகலாம் என்றார்கள். சரி, மெதுவாகக் காரில் போய்க்கொள்ளலாம் என்று நான் கணக்குப் போட்டேன். அந்த வாரமே ஃபிட்ஸ்ராய் ஆற்றில் இதுவரை காணாத வெள்ளம். ஃபிட்ஸ்ராய் கிராசிங்கில் நெடுஞ்சாலைப் பாலம் உடைந்தது. பெர்த்திலிருந்து மாநிலத்துக்குள்ளேயே குனுனராவுக்குப் போகிற ஒரே தார்ச்சாலை அதுதான். லாரிகளெல்லாம் தென் ஆஸ்திரேலியா வழியாகச் சுற்றி, ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடிக் கிழக்கிலிருந்து ஊருக்குள் நுழைந்தன. மகள் தொலைபேசியில் கடை அலமாரிகள் காலியாக இருப்பதைச் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு அப்போது 25 வயது. அவளுக்கு அது ஒரு சாகசம்.

எங்களுக்கு? வானத்தில் போகக் கூடாது, தரையில் போக முடியாது. பெர்த்தில் ஒரு வாடகை அறை. முதல் வாரம் முழுக்க அவர் குப்புறப் படுத்தோ தலையைக் கவிழ்த்தோதான் இருக்க வேண்டும். குமிழ் பின்பக்கம் அழுத்திக் கொண்டிருக்க அதுவே வழி. தொலைக்காட்சியில் வெள்ளத்தைக் காட்டினார்கள். அவரால் பார்க்க முடியாது. தரையைப் பார்த்தபடி, "இப்போது என்ன காட்டுகிறான்?" என்று கேட்பார். "பாலம்" என்பேன். "எத்தனை கண்?" என்பார். நாற்பது ஆண்டு இயந்திரம் பார்த்த மனிதர். பாலத்தில் தூண்களுக்கு இடையிலான கண்கள் எத்தனை போயின என்று கேட்கிறார். எனக்கு ஒரு கணம் அவருடைய கண்ணைத்தான் கேட்கிறார் என்று பட்டு, பதில் சொல்ல வரவில்லை. அறையின் தரையில் நீளவாக்கில் 22, அகலத்தில் 14 ஓடுகள். அவர் எண்ணிச் சொன்னது.

மார்ச் மாதம் குமிழ் கரைந்தது. குனுனராவுக்குத் திரும்பவில்லை. பெர்த்திலிருந்து நேரே சாங்கி. சாமான்களை மகள்தான் கட்டி அனுப்பினாள். இடது கண்ணில் பார்வை இருக்கிறது, ஆனால் நேர்க்கோடு வளைந்து தெரிகிறது. செய்தித்தாளை விரித்தால் வரிகள் அலையடிக்கின்றனவாம். அதனால்தான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அன்பரின் கடிதத்தைப் படித்தார். புதுப் பாலம் அதே ஆண்டு டிசம்பரில் திறந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் அதைப் பெருமையோடு எல்லோரிடமும் சொல்வார்.

ஆகவே, நாம் திட்டம் போடுவதே தலைகீழாக இருக்கிறது என்கிறேன். பல் உறுதியாக, கண் கூர்மையாக, இடுப்பு வலிக்காமல் இருக்கும் வயதில் நாம் நெரிசலில் நின்று சம்பாதிக்கிறோம். மருத்துவர், மருந்தகம், பஸ் நிறுத்தம் எல்லாம் காலடியில் வேண்டியிருக்கும் வயதில் அவற்றை விட்டு 3,000 கிலோமீட்டர் தள்ளிப் போக ஆசைப்படுகிறோம். அந்த ஊர்களுக்கு வேண்டியது தாதியும் மெக்கானிக்கும் ஆசிரியையும். ஓய்வெடுக்க வருபவரை அவர்கள் அன்பாகத்தான் வரவேற்பார்கள். ஆனால் டின் தூக்க ஆள் தேவைப்படும் இரவில் இன்னொரு நோயாளி கூடுவார். இந்தக் கடிதத்தை அந்த அன்பர் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, முப்பது வயதில் இருக்கும் அவருடைய பிள்ளைகள் படிக்கட்டும்.

திரும்பி வந்த பிறகு ஒருநாள் கணவரை புலாவ் உபினுக்கு அழைத்துப் போனேன். சாங்கி முனைப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருந்து போனோம். கருங்கல் வெட்டிய காலத்தில் இரண்டாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த தீவு. கடைசிக் கல்லுடைப்பு 1999இல் நின்றது. இப்போது மிஞ்சியிருப்பவர்கள் ஒரு சிலரே, பெரும்பாலும் முதியவர்கள். கிணற்றுத் தண்ணீர், டீசல் மின்னாக்கி. பானம் விற்கும் ஒரு மூதாட்டியின் மின்னாக்கி இருமிக்கொண்டிருந்தது. என் கணவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அனுமதி கேட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வடிகட்டியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். சத்தம் சீரானது. இளநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார் அந்தப் பாட்டி. முதுமையில் அவரும் அந்தத் தீவில்தானே இருக்கிறார் என்று கேட்கலாம். அவர் அங்கே பிறந்தவராம். எந்தக் கிணற்றில் எந்த மாதம் தண்ணீர் கலங்கும் என்பது வரை தெரியும். கால் பழகிய இடத்தில் முதுமை வருவது வேறு. முதுமையைத் தூக்கிக்கொண்டு புது இடத்துக்குப் போவது வேறு.

இப்போதும் நாங்கள் ஆண்டுக்கொருமுறை குனுனரா போகிறோம். ஜூன் மாதம், ஐந்து வாரம், திரும்பும் டிக்கெட்டோடு. மாம்பழம் அக்டோபரில்தான் பழுக்கும் என்று மகள் ஆசை காட்டுகிறாள். அந்த வெயிலுக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் பழைய வாடகை வீட்டில் இப்போது வேறு குடும்பம். போகும்போதெல்லாம் அவர்களிடம் கேட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்க் கறிவேப்பிலை பறித்து வருவேன். மரம் கூரைக்கு மேல் போய்விட்டது. கிளையை வளைத்துப் பிடிக்க இப்போது மகள் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி, ஈசூன்

பி.கு.: பெயரைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். கோயம்புத்தூர் அம்மாள் உங்கள் நாளிதழை இணையத்தில் படிக்கிறார்.